வசந்தா வந்தால்தான் ஆறாம் வகுப்பு

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நானும் வசந்தாவும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காஞ்சி ரோடு பக்கம் வந்து பார்த்தால், சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கட்டி வழியை அடைத்திருந்தார்கள். கட்டைக்கு அந்தப் பக்கம் கிரிவலமாக மலையைச் சுற்றி முடித்த ஜனங்கள் வெறுங்காலோடு வந்துகொண்டே இருந்தார்கள். ரோடு முழுக்கத் தலைகள். விபூதியும் வியர்வையும் கலந்த வாசம். எங்கேயோ ஒரு குழந்தை விடாமல் பீப்பீ ஊதிக்கொண்டிருந்தது.

நாங்கள் கட்டைக்கு அடியில் குனிந்து நுழையப் பார்த்தோம். ஒரு போலீஸ்காரம்மா என் பையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?"

"அடி அண்ணாமலைக்கு மேடம். எங்க ஊரு அதான்."

"எதிர்ல விட மாட்டோம். கூட்டத்துல மிதிச்சிடுவாங்க. சுத்திக்கினு போங்க."

"சுத்திக்கினுன்னா?"

"எல்லாரும் எப்பிடிப் போறாங்களோ அப்பிடித்தான். கோயில் பக்கம் போயி, செங்கம் ரோடு புடிச்சிப் போங்க."

எங்களுக்கு வழக்கமான வழியே ஆறு கிலோமீட்டர் இருக்கும். சுற்றுவழி அதைவிட ஜாஸ்தி. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். வசந்தா என்னைப் பார்க்கவில்லை. கட்டைக்கு அந்தப் பக்கம் வருகிற முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வா, போலாம்" என்றாள்.

பஸ் வசதியுள்ள ஊரில், இலவச பஸ் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆறாம் வகுப்புப் பெண்கள் ஏன் தினமும் நடந்து போனார்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பலகையில் என் பெயர்

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு இரண்டே அறைகள். ஒன்றில் முதல் மூன்று வகுப்புகள், இன்னொன்றில் நாலும் அஞ்சும். பெஞ்சு கிடையாது, தரைதான். மழை பெய்தால் ஓடு ஒழுகாத மூலைக்கு நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் சேர்ந்தே நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்து நான் அஞ்சாம் வகுப்புப் பாடத்தை ஒரு வருஷம் முன்னாடியே படித்துவிட்டேன்.

அந்த அறைக்கு வசந்தாதான் லீடர். பெரிய சார் தலைமையாசிரியர் என்பதால் அடிக்கடி மீட்டிங் என்று டவுனுக்குப் போய்விடுவார். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் வசந்தா சாக்பீசை எடுத்துக்கொண்டு பலகை முன்னால் நிற்பாள். பேசுகிறவர்கள் பெயரை எழுதுவாள். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சுமதி என்ற என் பெயருக்குப் பக்கத்தில் குறிகள் பலகையின் ஓரம்வரை போகும். இடம் போதாமல் அடுத்த வரிக்கும் மடங்கி வரும்.

நான் அவ்வளவு பேசினேனா என்றால், பேசினேன்தான். ஆனால் என்னோடு பேசிய கோகிலாவின் பெயர் மட்டும் பலகையில் வராது. கோகிலா வீட்டு வாசலில் கொடுக்காப்புளி மரம் இருந்தது. இதை வசந்தாவின் முகத்துக்கு நேராகவே நான் சொன்னேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள், நான் அவள் கையைக் கடித்தேன். அன்றிலிருந்து காய். அஞ்சாம் வகுப்பு முடிகிறவரை நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

டி.சி. வாங்கின அன்று பெரிய சார் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். "எல்லாரும் டவுன் ஸ்கூலுக்குப் போங்க, யாரும் நிக்காதீங்க" என்றார். வசந்தா வாசலில் நின்று எல்லாக் குழந்தைகளையும் வரிசையாக வெளியே அனுப்பினாள். அதற்கு அவசியமே இல்லை. பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. ஆனாலும் வரிசையில்தான் போனோம்.

மல்லாட்டை உடைக்கும்போது

போன வாரம் எங்கள் கேணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா கோபக்காரரா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. அப்பா குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்குக் கோபமே பரவாயில்லை என்று அம்மா சொல்வாள்.

அந்தக் கோடையில் விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நாள் முழுக்க ஓட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் சிவந்து காய்த்துப் போகும். அம்மா தலை நிமிராமல், "சுமதிய டவுன்ல சேக்கணும்" என்றாள்.

"தனியா அனுப்ப மாட்டேன்" என்றார் அப்பா. "தொணைக்கு ஆளு இருந்தா போவட்டும். இல்லன்னா வேணாம்."

"கோகிலா போறா இல்ல?"

"கோகிலாவ அவங்க மாமா கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிக்கினு போயிட்டாராம். அங்கியே சேக்கறாங்களாம்."

எனக்கு அப்போதுதான் தெரியும். கையிலிருந்த மல்லாட்டையை உடைக்காமல் அப்படியே வைத்திருந்தேன்.

அம்மா அடுத்த கையளவு மல்லாட்டையை எடுத்துக்கொண்டே, "வசந்தா போறாளாமே. அவங்க அம்மா சொன்னா" என்றாள்.

வசந்தாவின் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். பண்டிகைக்குத்தான் வருவார். அம்மா களை எடுக்கப் போவாள், பௌர்ணமியில் கோயில் பக்கத்தில் சூடமும் தேங்காயும் விற்பாள். மகளைப் படிக்கவைக்க வேண்டும் என்பதில் அவளுக்கு யாருடைய யோசனையும் தேவைப்படவில்லை.

"அப்போ சரி" என்றார் அப்பா. "ரெண்டு பேரா போயி ரெண்டு பேரா வரணும். அந்தப் பொண்ணு நின்னா நீயும் நின்னுக்க."

இப்படியாக என் ஆறாம் வகுப்பு வசந்தாவின் கையில் போய்ச் சேர்ந்தது.

எலுமிச்சம்பழம்

முதல் நாள் காலை பஸ்ஸில் பால் கேன்கள், பூக்கூடைகள், பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற பெரிய வகுப்புப் பெண்கள். டீசலும் மல்லிகையும் சேர்ந்த வாசம். வசந்தா என் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். நாங்கள் இன்னும் காய்தான். ஊருக்கு வெளியே இரண்டாவது திருப்பத்தில் அவள் முகம் வெளுத்தது. என் பக்கம் திரும்பினாள். ஏதோ பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.

என் புது நீலப் பாவாடை முழுக்க வாந்தி.

கண்டக்டர், "அய்ய, மணல் எடுத்துட்டு வாங்கப்பா" என்று கத்தினார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பள்ளிக்கூடக் குழாயடியில் நான் பாவாடையை அலசிக்கொண்டிருந்தபோது வசந்தா பக்கத்தில் நின்று என் பையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பை தரையில் படாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பெரிய பள்ளிக்கூடம் என்பது எவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. மாடி. படி ஏறிப் போய்ப் படிக்கிற வகுப்பு. ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு டீச்சர். பெஞ்சில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. நாள் முழுக்கத் தொங்கித் தொங்கிப் பாதம் மரத்துப்போகும். பென்சில் போய் இங்க் பேனா வந்தது. முதல் வாரம் முழுக்க என் விரல், உதடு, சட்டைப்பை எல்லாம் நீலம்.

என்னை சி செக்‌ஷனில் போட்டார்கள். வசந்தாவை எஃப் செக்‌ஷனில், மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தனிக் கட்டடத்தில். சாப்பாட்டு வேளையில் அவளைத் தேடிப் போனால் கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய வகுப்புக்கும் ஒரு லீடர் இருந்தாள். டவுன் பெண், கண்ணாடி போட்டவள். அவள் பலகையில் பெயர் எழுதும்போது வசந்தாவின் பெயர் வரவே வராது. அவள்தான் வாயைத் திறப்பதே இல்லையே.

அடுத்த நாளும் வாந்தி. அதற்கடுத்த நாளும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள், புளியை வாயில் அடக்கினாள், வெறும் வயிற்றோடு வந்தாள். எதுவும் பலிக்கவில்லை. வெறும் வயிற்றோடு வந்த அன்றுதான் பார்க்கவே பாவமாக இருந்தது. பஸ்ஸில் வந்த பெரிய பெண்கள் அவளுக்கு 'வாந்தி வசந்தா' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு 'வ' சேர்ந்துகொண்டதில் பெயர் நாக்கில் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஒரே வாரத்தில் அது பஸ்ஸிலிருந்து இறங்கி, பள்ளிக்கூட கேட்டைத் தாண்டி, எஃப் செக்‌ஷன் வரை போய்விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ் வந்தது. வசந்தா வரவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அப்பா வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்ன?" என்று கேட்டார். சொன்னேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "திங்கக்கெழமயும் அவ வரலன்னா விட்டுடு. களை எடுக்கக் கூட வா" என்றார். சொல்லும்போது குரலில் வருத்தம்கூட இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நடக்கலாமா?

அன்று மத்தியானம் வசந்தா வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து சூடப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் மடிப்பதை நிறுத்தவில்லை.

"வர மாட்டியா?"

"மாட்டேன்."

"நீ வரலன்னா என்னையும் நிறுத்திடுவாங்க."

"தெரியும். எங்கம்மா சொன்னாங்க." கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு மட்டும் நிக்கணும்னு ஆசையா? பஸ்ஸப் பார்த்தாலே வாயில தண்ணி ஊறுது. நான் இன்னா பண்றது?" என்றாள்.

அவளுடைய கண்ணில் நீர் நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பலகை முன்னால் நின்ற வசந்தாவுக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். யாரோ இரண்டு காவி வேட்டிக்காரர்கள் மலையைச் சுற்றி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நடந்து போலாமா?" என்றேன்.

"லூசாடி நீ? எவ்ளோ தூரம் தெரியுமா?"

"இவங்கல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து மொத்த மலையும் சுத்தறாங்க. நாம பாதிகூட இல்ல."

அவள் ஒரு பொட்டலத்தை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். "காலைல சீக்கிரம் கெளம்பணும்" என்றாள். அது அவளுடைய பழைய குரல்.

திங்கட்கிழமை முதல் நடந்தோம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரியும். கரண்ட் வருகிற நேரம் பார்த்து அப்பா இருட்டோடு மோட்டார் போடப் போய்விடுவார். "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் அம்மா. அவள் சொல்லவே இல்லை.

அந்த நடைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மயில் கத்துகிற சத்தம். லிங்கக் கோயில்களில் அதிகாலையில் வருகிற திருநீற்று வாசம். வசந்தா ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பாள், நான் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். எங்களைப் பஸ் கடந்து போகும்போது கண்டக்டர் படியில் நின்று கை காட்டுவார். ஆனால் பள்ளிக்கூட கேட்டை நெருங்கியதும் வசந்தா இரண்டடி பின்தங்கிவிடுவாள். உள்ளே போனால் என்னைத் தெரியாதவள் மாதிரி தன் கட்டடத்துக்குப் போய்விடுவாள். வாந்தி வசந்தாவின் தோழி என்று எனக்குப் பெயர் வரக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொல்ல இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

சுற்றுவழி

ஆக, அந்தப் பௌர்ணமி.

போலீஸ்காரம்மா சொன்னபடி கோயில் பக்கம் வந்து கூட்டத்தில் சேர்ந்தோம். சூடம் விற்கிற வசந்தாவின் அம்மாவை அத்தனை பேருக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் அதுவரை மலையை முழுசாகச் சுற்றியதில்லை. ஊரே சுற்றுவதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் நாங்கள்.

கூட்டம் நெருக்கியது. நான் வசந்தாவின் பையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முன்னால் போனாள். "ஓரமா போங்க, புள்ளைங்க வருது. ஐயா, கொஞ்சம் தள்ளுங்க. அக்கா, கைக்கொழந்தைய தோள்ல போட்டுக்கங்க, நசுங்கிடப்போவுது." பெரிய பெரிய ஆட்கள் மறுபேச்சு இல்லாமல் ஒதுங்கினார்கள். எங்கள் பள்ளிக்கூட அறையில் கேட்ட அதே அதிகாரம். ஒன்றரை மாசமாக அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமம் இருக்கிற பக்கம், வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மலை எங்கள் மலை மாதிரியே இல்லை. எங்கள் ஊருக்கு மலை கிழக்கே இருக்கிறது. பௌர்ணமி நிலா மலை முழுக்க ஏறி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். இங்கே பொழுது சாய்வதற்குள்ளேயே, ஓட்டு வீடுகளுக்குப் பின்னால், மஞ்சளாகத் தாழ்வாக வந்து நின்றது.

"ஏய், இவங்களுக்கு மட்டும் சீக்கிரம் வந்துடுச்சி பாரு" என்றாள் வசந்தா. அவளுக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

பாதை திரும்புகிற இடத்தில் யாரோ தொன்னையில் புளியோதரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குக் கால் இற்றுப்போயிருந்தது. ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, அப்பா வந்தார்.

நான் தொன்னையைப் பின்னால் மறைத்தேன்.

அப்பா சைக்கிளை மரத்தில் சாய்த்தார். என் தோளைப் பிடித்தார். அவருடைய கை வியர்வையில் ஈரமாக இருந்தது. எங்களைத் தேடிப் போனபோது பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததாம். பஸ் ஸ்டாண்டில் எங்கள் கண்டக்டரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். 'அந்த ரெண்டு பொண்ணுங்க பஸ்ல வர்றதே இல்லியே' என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பிய பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறார். அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு அத்தனை கூட்டத்தில் அப்பா எப்படி நடந்து வந்திருப்பார் என்று, என் மகள் ஒருநாள் டியூஷனிலிருந்து வரத் தாமதமானபோது எனக்குப் புரிந்தது.

"பஸ்ல ஏன் போறதில்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வசந்தா தொன்னையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு பஸ்ல வாந்தி வருது மாமா. எல்லாரும் வாந்தி வசந்தான்னு கூப்புடறாங்க. அதான் நான் நின்னுட்டேன். சுமதிதான் நடந்து போலாம்னா. எனக்காகத்தான் நடக்கிறா. நீங்க அவள நிறுத்தாதீங்க."

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயரைத் தன் வாயாலேயே, அத்தனை பேர் முன்னால், அவள் சொன்னாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார்.

"டெய்லியுமா நடக்கறீங்க?"

"ஆமா மாமா."

"மழ வந்தா?"

"ஓடுவோம்."

அப்பா எங்கள் பைகள் இரண்டையும் வாங்கி சைக்கிளில் மாட்டினார். "சாப்ட்டு முடிங்க, போலாம்" என்றார். மிச்ச வழி முழுக்க எங்களுக்கு முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். நாங்கள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனோம்.

ஊர் எல்லையில் அம்மா நின்றிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று அவளிடம் கேட்டார்.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

அப்பா சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். மறுபடி வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவர் மோட்டார் போடப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். முடிந்தது என்று நினைத்தேன். சீருடை போடலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். "இன்னா நிக்கிற? கெளம்பு" என்றார். "நேத்து சுத்தினதுல ரெண்டு பேருக்கும் காலு வலிக்கும். இன்னிக்கி ஒரு நாளு சைக்கிள்ல கொண்டாந்து விடறேன். நாளையிலிருந்து நடந்துக்கங்க."

நாங்கள் அப்புறம் ஏழாம் வகுப்பு முடிகிறவரை நடந்தோம். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் பெருமழைக்குப் பயந்து பஸ் ஏறினோம். வசந்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்று அவள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய வார்டில் நோயாளிகளும் டாக்டர்களும் அவள் சொன்னபடிதான் கேட்கிறார்கள் என்று கேள்வி.

அன்று காலை முன்கம்பியில் நானும் கேரியரில் வசந்தாவும். அப்பா மூச்சு வாங்க மிதித்தார். பள்ளிக்கூட கேட்டில் இறங்கும்போது பஸ் கூட்டத்துப் பெண் ஒருத்தி, "ஏய், வாந்தி வசந்தா சைக்கிள்ல வந்துட்டா" என்றாள். வசந்தா நின்றாள். "ஆமா, வாந்திதான். பக்கத்துல வரட்டுமா?" என்றாள். அந்தப் பெண் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். கேட்டுக்குள்ளே அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"உன் கிளாஸ் எது?" என்று அப்பா பின்னாலிருந்து கேட்டார்.

நான் மாடியைக் காட்டினேன்.

"மாடியிலயா?" என்றார். நான்தான் அதைக் கட்டினேன் என்பது போல என்னைப் பார்த்தார்.

மணி அடித்து நான் வகுப்புக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா இன்னும் கேட்டருகே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாடியில் இருந்த ஒவ்வொரு ஜன்னலாக அண்ணாந்து பார்த்தார். நான் கையை ஆட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், இரண்டு ஜன்னல் தள்ளி, வேறு யாருடைய வகுப்பையோ பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.